எஃபெஸுக்கு 2020 யூரோலீக் கப் குடுக்கவே இல்லங்க

"அனடோலு எஃபெஸ் 2020, 2021, 2022ன்னு தொடர்ந்து மூணு யூரோலீக் ஜெயிச்ச டீம், கொரோனா வந்ததால டேபிள்ல முதல்ல இருந்த அவங்களுக்கே 2020 கப்ப குடுத்துட்டாங்க"ன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது. இது தப்புங்க. (யூரோலீக்ங்கறது ஐரோப்பாவோட பெரிய கிளப் டீம்கள் மோதுற பாஸ்கெட்பால் போட்டி, எஃபெஸ் அதுல ஆடுற துருக்கி டீம்.)

2019-20 சீசன் மார்ச் 12ஆம் தேதி பாதியில நின்னுச்சு, மொத்தம் 34 ரவுண்ட்ல 28 தான் முடிஞ்சிருந்துச்சு, அப்புறம் மே 25, 2020 அன்னிக்கு சீசனையே கேன்சல் பண்ணி, இந்த வருஷம் சாம்பியன் யாரும் கிடையாதுன்னு யூரோலீக்கே அறிவிச்சிட்டாங்க. ஜெர்மனில கொலோன்ல நடக்க வேண்டிய ஃபைனல் ஃபோரும் (கடைசி நாலு டீம் மோதி சாம்பியன முடிவு பண்ற சுற்று) நடக்கல.

எஃபெஸ் 24 வெற்றி 4 தோல்வியோட முதல்ல இருந்தது உண்மைதான். எஃபெஸ் பிளேயர் ஷேன் லார்கின் அந்த சீசன்ல பயர்ன் மியூனிக் டீமுக்கு எதிரா ஒரே மேட்ச்ல 49 பாயிண்ட் அடிச்சாரு, அப்படி ஒரு ஃபார்ம்ல இருந்த டீமுக்கு சீசன முடிக்க சான்ஸ் கிடைக்காம போனது எனக்கும் ரொம்ப வருத்தம். ஆனா டேபிள்ல முதல் இடம்னா கப் கிடையாது, பிளேஆஃப், ஃபைனல் ஃபோர் ரெண்டையும் தாண்டணும்.

அவங்க நிஜமா ஜெயிச்சது ரெண்டு: 2021ல கொலோன்ல பார்சிலோனாவ 86-81, 2022ல பெல்கிரேட்ல ரியல் மாட்ரிட்ட 58-57. யூரோலீக் சைட்ல சாம்பியன்ஸ் லிஸ்ட்ட பாருங்க, 2019 சிஎஸ்கேஏ மாஸ்கோவுக்கு அப்புறம் நேரா 2021 எஃபெஸ் தான்.

அந்த மெசேஜ் உங்க குரூப்புக்கு வந்தா தயவுசெஞ்சு மேல அனுப்பாதீங்க, அனுப்புனவங்ககிட்டயும் இத சொல்லிடுங்க.