டி.ஏ. கிடைச்சாச்சு, சரி. மணிக்கணக்கு பார்த்தீங்களா?

பிள்ளைக்கு அமெரிக்காவில் டி.ஏ., அதாவது பேராசிரியருக்கு வகுப்பிலும் திருத்துவதிலும் உதவும் டீச்சிங் அசிஸ்டன்ட் இடம் கிடைத்தால் சொந்தக்காரர்களிடம் 'ஸ்காலர்ஷிப்போட சீட்டு' என்கிறோம். அது சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை. ஃபீஸ் தள்ளுபடியும் மாதப் பணமும் அந்த வேலைக்குத்தான் வருகின்றன. நியமனக் கடிதத்தில் 50 சதவீதம் என்று போட்டிருந்தால் வாரம் 20 மணி நேரம் என்று அர்த்தம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸில் வேலை பார்க்க உச்சவரம்பும் அதே 20தான்.

இந்த 20 எங்கே போகிறது என்று பலர் கூட்டிப் பார்ப்பதே இல்லை. பேராசிரியரின் லெக்சரில் உட்கார 3 மணி. 50 நிமிட டிஸ்கஷன் வகுப்பு இரண்டு, அதற்குத் தயாராக 3 மணி. மாணவர்கள் சந்தேகம் கேட்க வரும் ஆபீஸ் அவர்ஸ் 2, மீட்டிங் 1, மெயிலுக்கு 2. ஏறக்குறைய 13 ஆகிவிட்டது. திருத்த மிஞ்சுவது 7. மிட்டெர்ம் (செமஸ்டர் நடுவில் வரும் தேர்வு) வந்தால் 60 பேர், ஆளுக்கு 6 கேள்வி, மொத்தம் 360 விடை. விடைக்கு 2 நிமிடம் என்றாலே 12 மணி நேரம். அந்த வாரம் சொந்தப் படிப்பு அம்போ. இந்தக் கூட்டலை இரண்டு வாரம் முன்பே பேராசிரியருக்கு மெயிலில் அனுப்பி, எதைக் குறைக்கலாம் என்று கேளுங்கள். 'சார்கிட்ட போய் எப்படி' என்ற நம்ம ஊர்க் கூச்சத்துக்கு அங்கே மரியாதை கிடையாது. வேலை தலைக்கு மேல் போன பிறகு சொன்னால்தான் அவர்களுக்குக் கோபம் வரும்.

திருத்துவது இழுப்பதற்கு முக்கியக் காரணம் பாதியில் மனம் மாறுவது. சாய்தளத்தில் கட்டை சறுக்கும் கணக்கு, 10 மதிப்பெண் என்று வையுங்கள். விசைப்படம் 3, சமன்பாடு 3, தீர்ப்பது 3, அலகு 1 என்று பிரித்துக்கொண்டு உட்காருகிறீர்கள். 25-வது தாளில் ஒருவர் சைனையும் கோசைனையும் மாற்றிப் போட்டு, மீதியைச் சுத்தமாகச் செய்திருப்பார். ஒரே தப்புக்கு மூன்று இடத்தில் வெட்டுவதா? இதுவரை எப்படி வெட்டினோம்? முதல் 24-ஐயும் மறுபடி புரட்ட வேண்டும்.

அதனால் முதல் 10 தாளைப் பென்சிலில் மட்டும் குறியுங்கள். என்னென்ன தப்பு வருகிறது என்று தெரிந்த பிறகு ரூப்ரிக்கை, அதாவது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்ற பட்டியலை, முடிவு செய்யுங்கள். முன்னால் செய்த தப்பு பின்னால் தொடர்ந்தால் ஒருமுறைதான் வெட்டு என்று எழுதியே வையுங்கள். எல்லோருடைய முதல் கேள்வியையும் முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கட்டைக் கலைத்து அடுக்குங்கள். களைத்த கண்ணில் எப்போதும் அதே பிள்ளைகள் விழக்கூடாது. தாள் திருத்தும் இணையதளமான கிரேட்ஸ்கோப்பில் ஒரு ரூப்ரிக் வரியின் மதிப்பெண்ணை மாற்றினால் ஏற்கெனவே திருத்திய தாள்களிலும் தானாக மாறும். அந்த ஒரு வசதிக்கே அதைக் கும்பிடலாம்.

மார்க் பேரம் எல்லா ஊரிலும் உண்டு. ஆபீஸ் அவர்ஸில் முகத்தைப் பார்த்து மதிப்பெண் ஏற்றாதீர்கள். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் கேட்க வேண்டும், கேள்வி முழுவதும் மறுபடி திருத்தப்படும், மதிப்பெண் குறையவும் செய்யலாம் என்று முதல் வகுப்பிலேயே அறிவித்துவிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

மாணவர் பதிவுகளின் ரகசியத்தைக் காக்கும் 1974-இன் ஃபெர்பா சட்டம் நம்மவர்களை அடிக்கடி மாட்டிவிடும். மாணவரின் ஒப்புதல் இல்லாமல் அம்மா, அப்பா போன் செய்தாலும் மதிப்பெண்ணைச் சொல்லக்கூடாது. 'அவங்கவங்க எடுத்துக்கட்டும்' என்று திருத்திய தாள்களைக் கட்டாகக் கதவுக்கு வெளியே வைப்பதும் தப்பு. இரண்டு தாளில் ஒரே விசித்திரத் தப்பு இருந்தால் மாணவரைக் கூப்பிட்டு விசாரிக்காமல், நகலெடுத்துப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குங்கள்.

உச்சரிப்பைப் பற்றி வீணாகப் பயப்படுகிறார்கள். தமிழில் 'பி' என்றால் ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துக்கும் (B, P) அதுதான், 'டி'யும் (D, T) அப்படியே. சமன்பாட்டில் இவை வந்தால் வாயால் சொல்லும்போதே போர்டில் எழுதுங்கள், போதும். கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். ஒரு நொடி மௌனத்துக்கே பயந்து நாமே பதிலைச் சொல்வதுதான் பெரிய குறை.

பண விஷயம். நியமனம் பெரும்பாலும் 9 மாதத்துக்கு, கோடையில் சம்பளம் வராது. ஆகஸ்ட் நடுவில் சேர்ந்தால் முதல் சம்பளம் செப்டம்பர் கடைசிக்குப் போகலாம், வாடகையும் அட்வான்ஸும் அதுவரை காத்திருக்காது. இரண்டு மாதச் செலவைக் கையோடு கொண்டு போங்கள். சம்பளத்துக்கும் வரிக்கும் கேட்கும் அரசு எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்குச் சேர்ந்த கையோடு விண்ணப்பியுங்கள். வரி கட்டும்போது இந்திய மாணவருக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவுப்படி, வருமானத்தில் ஒரு நிலையான தொகைக்கு வரி போடாத ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் உண்டு. பல நாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது. எஃப்-1-இல் முதல் 5 காலண்டர் ஆண்டுகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) பிடித்தம் 7.65 சதவீதம் கிடையாது. முதல் பே ஸ்டப்பிலேயே (சம்பளச் சீட்டு) பாருங்கள். பிடித்திருந்தால் பேரோல் ஆபீஸுக்கு எழுதித் திரும்பக் கேட்கலாம்.