சாம்பல் படைக்கு ஒரு வக்காலத்து

மேஜையில் என் ஆட்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருப்பேன். பத்துப் பத்தாக ஆறு வரிசை. பக்கத்தில் நிற்கிற யாராவது குனிந்து பார்ப்பார். என் பேர் என்ன, எத்தனை நாளாக ஆடுகிறேன், எப்போதாவது ஜெயித்திருக்கிறேனா, எதுவும் கேட்கமாட்டார். "இன்னும் பெயின்ட் பண்ணலையா?" இதுதான் முதல் கேள்வி. நானும் பிட் அடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி "பண்ணணுங்க, நேரமே கிடைக்கல" என்று இழுப்பேன். நாலு வருஷமாக இழுத்தாயிற்று. இனிமேல் இழுப்பதாக இல்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தெரியாத நண்பர்களுக்கு இரண்டு வரி. மினியேச்சர் வார்கேம் என்பது ஓர் அங்குலத்துக்குச் சற்று கூடுதலான உயரமுள்ள பொம்மைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு. சதுரங்கம் போலக் கட்டம் கிடையாது. டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுட வேண்டும். பொம்மைகள் ஆடத் தயாராகவும் வராது. ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் தலை, கை, கால், துப்பாக்கி எல்லாம் தனித்தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வெட்டியெடுத்து, வார்ப்புக் கோட்டைச் சுரண்டி, பசை வைத்து ஒட்டி, பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்து, அதற்கப்புறம்தான் வண்ணம். பிளாஸ்டிக்கின் சொந்த நிறம் பெரும்பாலும் சாம்பல். அதனால் பிரஷ் படாத படை மேஜையில் இறங்கினால் சாம்பல் வெள்ளம் வந்தது போல இருக்கும்.

என்னுடையது வார்ஹாமர் 40,000-ல் வருகிற ஓர்க் படை. ஓர்க் என்றால் பச்சைத் தோலும் கோரைப் பல்லுமாகக் கூட்டம் கூட்டமாக வந்து விழுகிற முரடர்கள். தோலுக்குப் பச்சை, அதன் மேல் நிழலுக்கு வாஷ் என்கிற நீர்த்த வண்ணம், பல், தோல்வார், இரும்பு, துரு, கடைசியில் பேஸில், அதாவது ஆள் நிற்கிற தட்டில், மண். என் கைவேகத்துக்கு ஓர் ஆளுக்கு இரண்டு மணி நேரம். அறுபது பேருக்கு 120 மணி நேரம். வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுங்கினால் 40 வாரம். 2019-ல் காண்ட்ராஸ்ட் என்ற பெயின்ட் வந்தது. ஒரே பூச்சில் பள்ளத்தில் தேங்கி நிழலையும் மேட்டில் வழிந்து வெளிச்சத்தையும் காட்டிவிடும். அதைப் பிடித்தால் நேரம் பாதியாகும் என்கிறார்கள். ஆகட்டும், 20 வாரம். அந்த இருபது வாரமும் பெட்டியை மூடி வைத்துவிட்டு நான் என்ன செய்வது?

"முழுசா பெயின்ட் பண்ணிட்டு அப்புறம் ஆடு" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. அல்லது, அவர்களுக்குப் பெயின்ட் பண்ணுவதுதான் விளையாட்டு, ஆட்டம் அதற்கொரு சாக்கு. அதில் தவறே இல்லை. ஆனால் தன் பொழுதுபோக்கை அடுத்தவனுக்கு நுழைவுச் சீட்டாக வைப்பது என்ன நியாயம்?

இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல். இந்த விளையாட்டில் 2020-ல் வந்த ஒன்பதாம் பதிப்பில், ஓர் ஆட்டத்துக்கு மொத்தம் 100 புள்ளி என்றால் அதில் 10 புள்ளி, படை முழுக்க 'பேட்டில் ரெடி'யாக இருப்பதற்கு. அதாவது முக்கியமான இடங்களிலெல்லாம் வண்ணம் ஏறி, பேஸும் முடிந்திருக்க வேண்டும். 2023-ல் வந்த பத்தாம் பதிப்பிலும் அதே 10 புள்ளி தொடர்ந்தது. மேஜையில் 68-க்கு 62 என்று முந்தியவன், எதிராளியின் பத்தைச் சேர்த்ததும் 68-க்கு 72 என்று தோற்பான். நகராமல், சுடாமல், ஒரு பகடைகூட உருட்டாமல் வருகிற 10 புள்ளி. அழகுக்குத் தனிப் பரிசு கொடுங்கள், நானே முதல் ஆளாகக் கைதட்டுகிறேன். ஓட்டப் பந்தயத்தில் நல்ல சட்டை போட்டு வந்தவனுக்கு ஏன் பத்தடி முன்னால் கோடு போடுகிறீர்கள்? (விதியை எழுதுகிற கம்பெனியே பெயின்ட்டும் விற்கிறது என்பதை நான் சொல்லவில்லை. நீங்களாக நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.) நண்பர்களுக்குள் ஆடும்போது இந்தப் பத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை, அது வேறு விஷயம்.

இதில் வேடிக்கை, இந்தக் கதையுலகத்தில் வண்ணத்தை ரொம்ப மதிக்கிற கூட்டமே ஓர்க்குகள்தான். சிவப்பு பூசினால் வண்டி வேகமாக ஓடும் என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. மஞ்சள் பூசினால் குண்டு பெரிதாக வெடிக்கும். ஊதா பூசினால் யார் கண்ணுக்கும் தெரியாது, சந்தேகமிருந்தால் நீங்கள் எங்கேயாவது ஊதா ஓர்க்கைப் பார்த்திருக்கிறீர்களா? பழைய பதிப்புகளில் வண்டிக்குச் சிவப்பு பெயின்ட் என்று தனி மேம்பாடே இருந்தது. அதை வாங்கினால் ஓர் அங்குலம் கூடுதலாகப் போகலாம். ஆகவே வண்ணத்துக்குப் பலன் கொடுப்பதையே நான் மறுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஓர்க் கேட்டால் கொடுக்கலாம்.

சரி, வண்ணம் எதற்கு? இதை யோசித்தபோதுதான் என் வக்காலத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

1824-ல் பிரஷ்ய ராணுவத்தில் இருந்த இளைய ரைஸ்விட்ஸ், தன் அப்பா தொடங்கிவைத்த போர் விளையாட்டைச் செப்பனிட்டு வெளியிட்டார். வரைபடத்தின் மேல் சின்னச் சின்னச் செவ்வகத் துண்டுகள். ஒரு பக்கம் சிவப்பு, இன்னொரு பக்கம் நீலம். துண்டின் மேலிருந்த குறியைப் பார்த்தால் காலாட்படையா, குதிரைப்படையா, பீரங்கியா என்று தெரிந்துவிடும். நிஜப் போருக்குப் போகிற அதிகாரிகள் பயின்றது இதில்தான். மூக்கு, மீசை, பொத்தான் எதுவும் கிடையாது. 1913-ல் எச்.ஜி.வெல்ஸ் பொம்மைப் போருக்கு ஒரு விதிப்புத்தகம் எழுதினாரே, அவர் தரையில் பரப்பிய சிப்பாய்கள் கடையிலிருந்தே வண்ணத்தோடு வந்தவர்கள். மேலே பூச்சே இல்லாத உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் விற்று, மீதியை நீயே பார்த்துக்கொள் என்ற ஏற்பாடு பெருகியதெல்லாம் பின்னால்தான்.

ரைஸ்விட்ஸின் துண்டில் அழகு இல்லை. ஆனால் யார் எவர் என்ற குழப்பமும் இல்லை. நிஜ ராணுவத்துக்கும் வண்ணம் அதற்குத்தான் தேவைப்பட்டது. நெப்போலியன் காலத்துப் போர்க்களத்தில் பத்து நிமிஷம் சுட்டால் வெண்புகை சூழ்ந்துவிடும். அந்தப் புகைக்குள் நம்மாள் எவன், எதிரி எவன் என்று தளபதிக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் சிவப்புக் கோட்டும் நீலக் கோட்டும் வெள்ளைக் கோட்டும். அப்படியும் தவறு நடந்தது. 1815-ல் வாட்டர்லூவில் உதவிக்கு வந்து சேர்ந்த பிரஷ்யர்கள், தங்கள் கூட்டாளிகளான நசாவ் படையினர் மீதே சுட்டார்கள். அவர்களுடைய சீருடை பிரெஞ்சுக்காரர்களுடையதைப் போலவே இருந்ததுதான் காரணம்.

என் மேஜையிலும் ஒரு வாட்டர்லூ நடந்தது. இருபது பேர் கொண்ட இரண்டு ஓர்க் கூட்டத்தை ஒரே இடிபாட்டின் இரண்டு பக்கமாக நகர்த்தினேன். மூன்றாவது சுற்றில் இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. எதிராளி "இவன் எந்தக் கூட்டம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. ஒரு கூட்டத்தில் ஒன்பது பேர் செத்திருக்க வேண்டும், இன்னொன்றில் நான்கு. மேஜையில் நிற்பவர்களை எண்ணினால் கணக்கு உதைத்தது. பத்து நிமிஷம் வாதாடி, கடைசியில் எதிராளி பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தார். அந்தப் பெரிய மனசு எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. என் சோம்பேறித்தனத்துக்கு அவருடைய மாலைப் பொழுதில் பத்து நிமிஷத்தைச் செலவு செய்தேன்.

வீட்டுக்கு வந்து, அன்றைக்கே பேஸின் விளிம்பில் மட்டும் வண்ணம் அடித்தேன். ஒரு கூட்டத்துக்கு மஞ்சள், ஒன்றுக்கு வெள்ளை, மிச்சமிருந்தவர்களுக்கு ஆரஞ்சு. அறுபது பேரும் ஒரே ராத்திரியில் முடிந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வந்ததில்லை. உடம்பு முழுக்கச் சாம்பல்தான், ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாலே யார் எவர் என்று தெரியும். எதிராளிக்கு நான் பட்டிருக்கிற கடன் இவ்வளவுதான் என்பது என் கட்சி. அவர் ஆட்டத்தைப் படிக்க முடிய வேண்டும். என் ஓர்க்கின் பல்லில் மஞ்சள் கறை இருக்கிறதா என்பது அவருக்கு எதற்கு?

என்னைப் போன்றவர்களுக்கும் ஓர் எல்லை உண்டு. பேஸில் இரண்டு காலை மட்டும் ஒட்டிக் கொண்டுவந்து "இவன் கையில ராக்கெட் லாஞ்சர் இருக்கறதா நினைச்சுக்கோங்க" என்று ஆடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் வக்கீல் இல்லை. வேறு ஆளைப் பாருங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சாம்பலாக ஆடுவதை நான் நேரமில்லாமல் வந்த குறையாகத்தான் முதலில் நினைத்தேன். இப்போது, அதுதான் சரியான வரிசை என்றே தோன்றுகிறது. முதலில் ஆடு, அப்புறம் பூசு.

ஒன்று, எந்த ஆள் உனக்கு ஒத்துவருவான் என்று ஆடாமல் தெரியாது. பெட்டியின் படத்தைப் பார்த்து மயங்கி, மூன்று மாதம் உட்கார்ந்து பெயின்ட் பண்ணி, முதல் ஆட்டத்திலேயே "இந்தப் படையின் ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை" என்று கண்டுபிடித்தவர்கள் எத்தனையோ பேர். போதாததற்கு 2014, 2017, 2020, 2023 என்று மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வந்துகொண்டிருந்தது. நேற்றைய சூரன் புது விதியில் சொத்தையாகிவிடுவான். நீ அவன் பூட்ஸுக்கு மூன்று நிழல் கொடுத்திருப்பாய்.

ஆனால் இதெல்லாம் கணக்குப்பிள்ளை காரணங்கள். உண்மையான காரணம் ஒரு ராக்கெட்காரன்.

மஞ்சள் கூட்டத்தில் இருபது பேரில் ஒருவன். தோளில் ராக்கெட் லாஞ்சர். ஓர்க்குகள் குறிபார்ப்பதில் மகா மட்டம், பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால்தான் குண்டு படும். நாலு ஆட்டமாக இவன் சுட்டது எதுவும் எதன் மேலும் படவில்லை. ஐந்தாவது ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் அவன் கூட்டத்தில் மிஞ்சியது இவன் ஒருவன்தான். எதிரே பெரிய டாங்க் ஒன்று, ஏற்கெனவே அடிபட்டு நொண்டிக்கொண்டிருந்தது. உருட்டினேன், ஆறு. துளைக்கிறதா என்று உருட்டினேன், ஆறு. டாங்க் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்று கத்தினோம், டாங்க்கைப் பறிகொடுத்தவரும் சேர்ந்து.

அன்று ராத்திரி அவனுக்கு வண்ணம் பூசினேன். யாரும் சொல்லவில்லை, புள்ளிக்காகவும் இல்லை. ஒரே அச்சில் வார்த்த இருபது பேரில் இவன் மட்டும் வேறு ஆளாகிவிட்டான், அது கண்ணுக்குத் தெரிய வேண்டும் போலிருந்தது. ஒரு கண்ணில் கறுப்புத் திரை, லாஞ்சர் குழாயில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு அந்த டாங்க். அதுவரை கடமையாகப் பட்ட பிரஷ், அன்று இரண்டு மணிவரை தூங்கவிடவில்லை. அதிலிருந்து என் வழக்கம் இதுதான். மேஜையில் ஏதாவது செய்தவனுக்கு மட்டும் வண்ணம். இதுவரை பதினேழு பேர் வாங்கியிருக்கிறார்கள். மீதிப் பேர் சாம்பலாக வரிசையில் நிற்கிறார்கள், அவர்களுடைய முறை வரும்.

இந்த முறையில் கஷ்டமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஒட்டி முடித்த ஆளின் நெஞ்சுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே பிரஷ் நுழையாது. விவரமானவர்கள் கையைத் தனியாக வைத்துப் பூசிவிட்டுப் பிறகு ஒட்டுவார்கள். தவிர, ஆறு மாதம் விரல் பட்ட பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்காமல் பிரைமர் அடித்தால் உரிந்து வரும். ஒட்டிய கையோடு பிரைமர் மட்டுமாவது அடித்து வைத்தால் இந்தப் பாடு பாதி குறையும். நான் அடிக்கவில்லை, நீங்களாவது அடியுங்கள்.

எங்கள் குழுவில் ஓர் அண்ணன் இருக்கிறார். நெப்போலியன் காலப் படைதான் அவருடைய முதல் காதல். ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் காலர் என்ன நிறம், கைமடிப்பு என்ன நிறம் என்று தேடிப் பிடித்துப் பூசுகிற ஆள். சாம்பலைப் பற்றி அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் நானே கேட்டேன், "அண்ணே, உங்களுக்கு எதிரே இந்தப் படையை வைக்கிறது சங்கடமா இருக்கா?" கொஞ்சம் யோசித்தார். "சங்கடம் இல்ல தம்பி. ஆனா பொய் சொல்ல மாட்டேன், என் பக்கத்தைப் பார்க்கும்போது போர்க்களம் தெரியுது, உன் பக்கத்தைப் பார்த்தா பிளாஸ்டிக் தெரியுது. பாதி சந்தோஷம்தான்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காட்சியை உருவாக்குகிறோம், அதில் என் பாதி வெறுமையாக இருக்கிறது. அதை வாதத்தால் நிரப்ப முடியாது. அவருக்காக ஒரு சமாதானம் செய்தேன். ராக்கெட்காரன் வழக்கத்துக்கு விதிவிலக்காக, எதுவுமே சாதிக்காத என் ட்ரக்கை நல்ல சிவப்பில், துருவும் சேறுமாக, மூன்று வாரம் உட்கார்ந்து முடித்து எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு முதல் சுற்றிலேயே, அது ஓர் அங்குலம் நகர்வதற்கு முன்பே, சுட்டுத் தூளாக்கினார். புதிதாக வண்ணம் பூசியது முதலில் சாகும் என்று எல்லாரும் சொல்வார்கள், அதை நான் நம்பாமல் இருந்தேன்.

ராக்கெட்காரன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். லாஞ்சருக்குப் பின்னால் அவனுடைய இடப்பக்கம் மட்டும் இன்றுவரை சாம்பல், பிரஷ் எட்டவில்லை. அதனால் அவனை எப்போதும் வலப்பக்கம் எதிராளிக்குத் தெரிகிற மாதிரி நிறுத்துகிறேன். அண்ணன் ஒவ்வொரு ஆட்டத்திலும் மேஜையைச் சுற்றி வந்து, அந்தப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார்.