ஜூன் 25-ஐக் கபில்தேவுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா?

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 25 அன்று முகநூலைத் திறந்தால், 1983-ல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்து மாடத்தில் கபில்தேவ் கிரிக்கெட் உலகக் கோப்பையை ஏந்தி நிற்கும் படம்தான் முதலில் கண்ணில் படுகிறது. அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. அறுபது ஓவர் ஆட்டத்தில் 183 ரன்களுக்குச் சுருண்டுவிட்ட ஓர் அணி, அதற்கு முந்தைய இரண்டு உலகக் கோப்பைகளையும் வென்றிருந்த மேற்கிந்தியத் தீவுகளை 140 ரன்களில் மடக்கியது என்பது எத்தனை முறை சொன்னாலும் சலிக்காத செய்திதான். அந்த இறுதி ஆட்டத்தில் இரு தரப்பையும் சேர்த்து அதிக ரன் எடுத்தவர் நம் சென்னையின் ஸ்ரீகாந்த், 38. ரிச்சர்ட்ஸ் தூக்கி அடித்த பந்தைக் கபில் பின்னோக்கி ஓடிப் பிடித்ததை எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் ஒன்பது விக்கெட்டுகள் விழுந்த பிறகு கிர்மானியும் பல்விந்தர் சாந்துவும் சேர்த்த 22 ரன்களை யாரும் எழுதுவதில்லை. வெற்றி வித்தியாசமே 43 ரன்கள்தான் என்று நினைத்துப் பார்த்தால் அந்த 22-இன் எடை புரியும். அதே சாந்துதான் பிறகு மேற்கிந்தியத் தொடக்க ஆட்டக்காரர் கிரீனிட்ஜை, பந்தை விட்டுவிடலாம் என்று மட்டையை உயர்த்திய நிலையிலேயே, ஸ்டம்பு பறக்க வெளியேற்றினார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கியதும் இதே லார்ட்ஸில், 1932 ஜூன் 25 அன்றுதான். இரண்டு நாள்களும் சனிக்கிழமைகள். சி.கே. நாயுடு தலைமையிலான அந்த அணி தோற்றது என்றாலும், முதல் நாள் காலையில் முகமது நிசாரின் வேகத்துக்கு முன் இங்கிலாந்து 19 ரன்களுக்கு மூன்று விக்கெட்டுகளை இழந்து தடுமாறியது. இதையும் யாராவது பகிர்ந்தால் மகிழ்வேன்.

ஆனால் நான் எழுத வந்தது கிரிக்கெட்டைப் பற்றி அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலிலிருந்து நீரோடி வரையிலான நம் கடற்கரையில் பிள்ளைகள் முதலில் உதைப்பது பந்தை; மட்டை அதற்குப் பிறகுதான் கைக்கு வரும். மைக்கேல் சூசைராஜ் இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடப் போனதும் இந்த மணலிலிருந்துதான். உலகக் கோப்பை கால்பந்து ஜூனில் வந்தால் இங்கே அது ஊர்த் திருவிழாவுக்குச் சமம், ஏனென்றால் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆழ்கடலுக்குப் போகும் ஆண்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். தெருவுக்குத் தெரு பிரேசில், அர்ஜென்டினா கொடிகளும் ஃபிளெக்ஸ் பேனர்களும் மழையில் நனைந்துகொண்டிருக்கும். இப்படிப்பட்ட ஊர்க்காரர்களாகிய நாம் ஜூன் 25-ஐக் கால்பந்தின் கண்கொண்டு பார்ப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

நெதர்லாந்துக்காரர்களுக்கு இந்தத் தேதி ஒரு முழுச் சரித்திரம். 1978-ல் இதே நாளில் புவெனஸ் ஐரிஸில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் நெதர்லாந்தின் ரென்சன்பிரிங்க் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினா 3-1 என்று வென்றது. சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1988 ஜூன் 25 அன்று மியூனிக்கில் சோவியத் அணியை 2-0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையை எடுத்தார்கள். தரையில் விழாத பந்தை வலது ஓரத்துக் குறுகலான கோணத்திலிருந்து வான் பாஸ்டன் அடித்த கோல் அந்த ஆட்டத்தில்தான். 2006-ல் மீண்டும் இதே தேதியில் போர்ச்சுகலிடம் தோற்ற ஆட்டத்தில் நான்கு சிவப்பு அட்டைகள், பதினாறு மஞ்சள் அட்டைகள். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

1978-க்குத் திரும்புகிறேன். அர்ஜென்டினா அந்த இறுதி ஆட்டத்துக்கு எப்படி வந்தது? பிரேசிலும் அர்ஜென்டினாவும் ஒரே பிரிவில் இருந்தன; முதலிடம் பிடிக்கும் அணிதான் இறுதி ஆட்டத்துக்குப் போகும். ஜூன் 21 அன்று பிரேசில் தன் ஆட்டத்தை முன்னதாகவே முடித்துவிட்டது. பெருவை நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றால் போதும் என்ற கணக்கைத் தெரிந்துகொண்டு களமிறங்கிய அர்ஜென்டினா, 6-0 என்று வென்றது. சூது நடந்ததா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. எனக்கு அந்த வாதமே தேவையில்லை. விடைத்தாளைக் கையில் கொடுத்துத் தேர்வெழுத அனுப்பிய அட்டவணைதான் குற்றவாளி.

அதைத் திருத்தாததன் விலையை அல்ஜீரியா கொடுத்தது. 1982-ல் முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்த அந்த அணி, ஐரோப்பியச் சாம்பியனாக இருந்த மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தியது. ஆஸ்திரியாவிடம் தோற்றாலும், ஜூன் 24 அன்று சிலியை 3-2 என்று வென்றது. மறுநாள், ஜூன் 25, ஸ்பெயினின் கிஹோன் நகரில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஓரிரு கோல் வித்தியாசத்தில் வென்றால் இரண்டு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம், அல்ஜீரியா வீட்டுக்குப் போக வேண்டும். பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனியின் ஹ்ரூபெஷ் கோல் அடித்தார். அதன் பிறகு ஆட்டம் என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பாதுகாப்பு வீரர்களுக்குள்ளும் கோல்காப்பாளருக்குமாகப் பந்து போய்வந்துகொண்டிருந்தது. அல்ஜீரிய ரசிகர்கள் பணத்தாள்களை எடுத்து ஆட்டிக் காட்டினார்கள். வர்ணனை செய்துகொண்டிருந்த ஆஸ்திரியர், தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள் என்று தன் நாட்டு மக்களையே கேட்டுக்கொண்டார். விதி எதுவும் மீறப்படவில்லை என்று சொல்லி, உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா அல்ஜீரியாவின் முறையீட்டைத் தள்ளியது. ஆனால் 1986 முதல் ஒவ்வொரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் நடத்தத் தொடங்கியது.

என்னைக் கேட்டால், ஜூன் 25-இல் நடந்தவற்றுள் இன்றைய ஆட்டத்தின் மீது அதிகக் கனத்தோடு உட்கார்ந்திருப்பது கபிலின் கோப்பையும் அல்ல, வான் பாஸ்டனின் கோலும் அல்ல. இந்த எண்பது நிமிட வெட்கக்கேடுதான்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. நம் பகுதியில் நடந்த ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) தொடரின் கடைசி லீக் ஆட்டத்தில், சமநிலை போதும் என்று தெரிந்த இரண்டு அணிகள் நடுக்கோட்டைச் சுற்றியே பந்தை உருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முந்தின நாளே தங்கள் ஆட்டங்களை முடித்துவிட்ட மூன்றாவது அணியின் பையன்கள், ஜெர்சியோடு கோட்டுக்கு வெளியே நின்று கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, பிறகு உட்கார்ந்துவிட்டார்கள். நடுவர் மீது பழி போட முடியாது. எந்த விதியும் மீறப்படவில்லை.

ஒரே மைதானம், ஒரே விளக்கு வரிசை, இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தினால் கூட்டம் பிரிந்து வசூலும் குறையும் என்று கமிட்டிக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மையான சிரமம்தான். கடைசி நாளுக்கு மட்டும் பக்கத்து ஊர் மைதானத்தைக் கேட்டுப் பெறலாம். நம் கரையில் ஊருக்கும் ஊருக்கும் அவ்வளவு தூரம் ஒன்றும் இல்லை. அதுவும் இயலாது என்றால், லீக் சுற்றையே விட்டுவிட்டு முதல் ஆட்டத்திலிருந்தே, தோற்றால் வெளியே என்ற நாக்-அவுட் முறைக்குப் போய்விடலாம். அடுத்த திருவிழாத் தொடருக்கான அட்டவணை இன்னும் போடப்படவில்லை. கமிட்டியில் இருக்கும் அண்ணன்மார் கூட்டத்துக்குப் போகும் முன் இதைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் இப்போதே எழுதுகிறேன்.