காட்டை அறிந்தவருக்குக் கையொப்பமிடும் உரிமையும் வேண்டும்

மூதூர் கிழக்கிலும் வெருகல் பிரதேசத்திலும் வாழும் கரையோர வேடர் சமூகத்தைப் பற்றி நம் திருகோணமலை மாவட்டத்தில் இப்போது முன்னரைவிட அதிகமாகப் பேசப்படுகிறது. பண்பாட்டு விழாக்களுக்கு அவர்களின் மூத்தோர் அழைக்கப்படுகிறார்கள், பொன்னாடை போர்த்தப்படுகிறது, படம் எடுக்கப்படுகிறது. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் தேன் எடுக்கும் காட்டின் எல்லைக்கல் எங்கே நடப்படுகிறது, களப்பில் எந்த மாதத்தில் எந்த வலை அனுமதிக்கப்படுகிறது, கரையோர மண்ணை எவர் அள்ளலாம் என்பன முடிவாகும் கூட்டங்களில், நான் அறிந்தவரை, அவர்கள் கருத்துக் கேட்கப்படுபவர்களாக மட்டுமே இருந்திருக்கிறார்கள். முடிவெடுப்பவர்களாக இருந்ததில்லை. ஒரு பழங்குடிச் சமூகத்தின் இயற்கை வளங்களைப் பேணும் பணிக்கு அச்சமூகத்தவரே தலைமை தாங்க வேண்டும் என்று நாம் உண்மையாகவே விரும்பினால், அந்தத் தலைமைக்கு "முடியாது" என்று சொல்லும் அதிகாரமும், அந்தச் சொல்லை அரசாங்கம் மதிக்கும் ஏற்பாடும் இருந்தாக வேண்டும் என்பதே இப்பதிவில் நான் சொல்ல வருவது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் ஒதுக்கக்காட்டின் எல்லை தொடர்பாக நடந்த கலந்துரையாடலில் நானும் அமர்ந்திருந்தேன். சுவரில் செய்மதிப் படம் காட்டப்பட்டது. முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவரிடம், நீர் நிற்கும் இடங்களைக் காட்டுமாறு கேட்டார்கள். படத்தில் நீலக்கோடாக இருந்த ஓடை மாரியில் மட்டுமே ஓடும் என்றும், கோடையில் வற்றாத மடு அதற்குத் தெற்கே வீரை மரங்கள் நிற்கும் இடத்தில் இருக்கிறது என்றும், யானை இறங்கும் பக்கம் எது, மனிதர் இறங்கும் பக்கம் எது என்றும் அவர் விளக்கினார். அலுவலர்கள் மிகுந்த மரியாதையோடு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். பிறகு வந்த வரைபடத்தில் அந்த மடுவும் அதற்குப் போகும் நடைபாதையும் எல்லைக்கு உள்ளே போயிருந்தன. அவருடைய அறிவு பயன்பட்டது, அவர் வெளியே நின்றார். எவரும் அவரை அவமதிக்கவில்லை, எவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் விளைவு அதுதான். வள முகாமைத்துவத்தில் "சமூகப் பங்கேற்பு" என்று நாம் பெருமையாக எழுதும் பலவற்றின் உள்ளடக்கம் இவ்வளவே என்பது என் எண்ணம்.

அவர்களின் அறிவு எத்தகையது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். மரப்பொந்தில் இருக்கும் தேனை எடுப்பவர் முதலில் பொந்தின் வாயில் புகையை ஊதி, ஈக்கள் ஒதுங்கும் வரை பொறுத்திருப்பார். பிறகு கையை விட்டு ஓரத்து அடைகளை மட்டும் பிய்த்து எடுப்பார். புழு இருக்கும் அடையைத் தொடமாட்டார். எடுத்து முடிந்ததும், கரடி தோண்டிவிடாதபடி பொந்தின் வாயைக் கல்லால் ஒடுக்கி, ஈ நுழையும் அளவுக்கு வழி விட்டுத்தான் அங்கிருந்து புறப்படுவார். அடுத்த பருவத்தில் அதே மரத்துக்கு வர வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் வியாபாரத் தேன்காரர் பொந்தைக் கோடரியால் பிளந்து ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகிறார். சட்டத்தின் கண்ணுக்கு இருவரும் அனுமதியின்றிக் காட்டுக்குள் புகுந்தவர்களே. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தேசிய பூங்காவுக்குள் பார்வையாளர் செல்வதற்கு வழிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக அதே நிலத்தில் தேன் எடுத்தவருக்கு அதில் இடம் வைக்கப்படவில்லை.

இதன் விளைவை நாடு ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது தம்பானைப் பகுதி வேடர்களின் வேட்டை நிலமும் தேன் காடும் அதற்குள் அகப்பட்டன. பல குடும்பங்கள் ஹேனானிகல போன்ற மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்றன. அவர்களின் தலைவர் ஊருவரிகே வன்னிலஎத்தோ 1996இல் ஜெனீவா வரை சென்று ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடிகள் பணிக்குழுவின் முன் இதனைப் பேசினார். 2020இல் ரம்புக்கன் ஓயாப் பகுதியில் சோளச் செய்கைக்காகக் காடு அழிக்கப்படுவதற்கு எதிராக மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடியவரும் அவரே. காட்டிலிருந்து ஒருகாலத்தில் அகற்றப்பட்ட சமூகத்தின் தலைவரே அதைக் காக்க வழக்காட வேண்டியிருந்தது என்பதைப் பாதுகாப்புத் துறையினர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம் கரையோரத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. தம்பானையைப் போல உலகறிந்த பெயர் இங்கில்லை. பாட்டாளிபுரம், நல்லூர், சந்தோசபுரம், இளக்கந்தை ஆகிய ஊர்களின் மக்கள் தமிழ் பேசுகிறார்கள், நம் கோயில்களுக்கு வருகிறார்கள், காட்டோடு கடலையும் களப்பையும் நம்பி வாழ்கிறார்கள். 2004இன் ஆழிப்பேரலையையும் 2006இன் இடப்பெயர்வையும் கடந்து, திரும்பி வந்தபோது காட்டிலும் கரையிலும் புதிய தடைகளைக் கண்டவர்கள். ஒரே குடும்பம் மரத்துக்கு வனவளத் திணைக்களத்திடமும், வலைக்குக் கடற்றொழில் திணைக்களத்திடமும், குடிசைக்குப் பிரதேச செயலகத்திடமும் போக வேண்டியிருக்கிறது. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அரிது. சுற்றறிக்கை சிங்களத்தில் வரும். அதை வாசித்துச் சொல்ல ஆளைத் தேடுவதற்குள் மேன்முறையீட்டுக்கான காலம் கடந்துவிடும்.

இதில் நம் தமிழ்ச் சமூகத்தின் பங்கையும் மறைப்பதற்கில்லை. வேடர் சிங்களவரின் முன்னோரா தமிழரின் முன்னோரா என்று முகநூலில் இரவிரவாகச் சண்டை பிடிப்போர், அவ்வூர்களில் கோடையில் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை. பாடசாலையில் அந்தப் பிள்ளைகளை ஊர்ப்பெயர் சொல்லிச் சிரித்ததும், களப்பு நண்டை அடிமாட்டு விலைக்கு வாங்கியதும் கொழும்பிலிருந்து வந்தவர்கள் அல்லர்.

அதிகாரத்தைப் பகிர்ந்தால் என்ன நடக்கும் என்று அஞ்சுவோருக்கு அவுஸ்திரேலியாவின் உலுறு என்னும் பெரும்பாறையைக் காட்டலாம். 1985 ஒக்டோபரில் அந்நிலத்தின் உரித்து அங்குள்ள பழங்குடிகளான அனங்கு மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது; அவர்கள் அதைத் தேசிய பூங்காவாகவே 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசுக்கு விட்டார்கள். முகாமைத்துவ சபையில் பெரும்பான்மை அவர்களுடையது. அச்சபை 2017இல் பாறையில் ஏறுவதை நிறுத்துவதெனத் தீர்மானித்தது, 2019 ஒக்டோபர் 26இல் அது நடைமுறைக்கு வந்தது. உல்லாசப் பயணத்துறை எவ்வளவோ முணுமுணுத்தது, பூங்கா மூடப்படவில்லை. நியூசிலாந்தின் தே உரேவேரா 2014இல் தேசிய பூங்கா என்ற நிலையிலிருந்தே நீக்கப்பட்டுத் தனக்கென ஒரு சட்ட ஆளுமையை, அதாவது சட்டத்தின் முன் ஒரு தனி ஆள் போன்ற நிலையைப் பெற்றது. தொடக்கத்தில் சரிபாதியாக இருந்த அதன் சபை, மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் அந்நிலத்தின் பழங்குடிகளான தூஹோய் மக்கள் அறுவர், அரசின் சார்பில் மூவர் என்று மாறும்படி சட்டத்திலேயே எழுதப்பட்டது. அதிகாரம் படிப்படியாகக் கைமாறுவதற்கு அது நல்ல முன்மாதிரி.

தமிழகத்து இருளர்களின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. பாம்புத்தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்ட பின்னர், 1978இல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சை எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்தே பாம்புக்கடி மருந்து தயாராகிறது. சட்டம் குற்றவாளியாக்கிய அதே திறமை உயிர்காக்கும் தொழிலாயிற்று. இருந்தும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்ற அனுமதிக்கு அவர்கள் இன்னும் அரசின் வாசலில் நிற்க வேண்டும். இந்த முன்மாதிரியை முழுமனதோடு பாராட்ட முடியாமல் என்னைத் தடுப்பது அதுவே.

வேடர் இளைஞர் சிலரும் இறைச்சியை விற்பதற்காக வேட்டையாடுகிறார்கள், சேனைப் பயிர்ச்செய்கைக்காகக் காட்டை எரிக்கிறார்கள் என்ற வாதம் எப்போதும் எழும். உண்மை இல்லாமலில்லை. ஆனால் முன்பு ஊர்ப் பெரியவர் கண்டித்தால் அடங்கிய இளைஞன் இன்று ஏன் அடங்குவதில்லை என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். காட்டில் தனக்கே உரிமை இல்லாத பெரியவர் எந்த உரிமையில் பிறரைக் கண்டிப்பார்? விதியை வகுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தால்தான் விதியை மீறியவரைத் தண்டிக்கும் பொறுப்பையும் அவர்களிடம் கேட்க முடியும்.

தலைமை என்றதும் தோளில் கோடரி தொங்கும் முதியவரின் உருவமே நம் மனத்தில் வருகிறது. பணியின் தன்மையைப் பார்த்தால், மூத்தோரின் நம்பிக்கையைப் பெற்ற, மும்மொழியில் கடிதம் எழுதத் தெரிந்த, வர்த்தமானியை வாசிக்கத் தெரிந்த ஓர் இளையவரே இன்று அதற்குப் பொருத்தமானவர். அவர் பெண்ணாக இருந்தால் மிகவும் நல்லது. கிழங்கு எங்கே கிடைக்கும், மட்டி எந்தச் சேற்றில் குறைந்துவிட்டது என்பதை நாள்தோறும் பார்ப்பவர்கள் பெண்கள். அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். கூட்டத்துக்கு வருவதற்காக ஒருநாள் கூலியை இழப்பவரிடம் தொண்டுணர்வை எதிர்பார்ப்பது, சம்பளம் வாங்கிக்கொண்டு அதே மேசையில் அமரும் நமக்கு அழகல்ல.

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பழங்குடி மக்கள் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது. அதே வேளையில், சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடிய சர்வதேச தொழில் அமைப்பின் 169ஆம் சமவாயத்தில் இன்றுவரை இணையவில்லை. இந்த இரட்டை நிலைப்பாட்டைக் கொழும்பில் பேசுவோர் பேசட்டும். உள்ளூரில், 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் கடற்றொழில் முகாமைத்துவப் பகுதிகளைப் பிரகடனம் செய்து அவற்றுக்கான குழுக்களை அமைக்க ஏற்கெனவே வழிவைத்திருக்கிறது. உல்லைக்கழிக் களப்பில் வேடர் குடும்பங்கள் மீன்பிடிக்கும் பகுதியிலிருந்தே தொடங்கலாம். அந்தக் குழுவின் தலைமை அவர்களிடம் இருக்கட்டும், மூடுகாலத்தையும் வலைக்கண்ணின் அளவையும் அவர்கள் முன்மொழியட்டும், திணைக்களம் மறுப்பதானால் காரணத்தைத் தமிழில் எழுத்தில் தரட்டும். களப்பில் அது ஓரிரு பருவங்கள் நடந்தால், காட்டைப் பற்றிப் பேச வருகையில் அவர்கள் கையில் ஓர் அனுபவம் இருக்கும்.

அதுவரைக்கும், தேன் மரங்களையும் மடுக்களையும் கைபேசிச் செயலியில் பதிவுசெய்து தர வேண்டும் என்று கேட்டு அவ்வூர்களுக்குச் செல்லும் நண்பர்களிடம், அரச ஊழியரோ ஆய்வு மாணவரோ தொண்டு நிறுவனத்தவரோ எவராயினும், ஒரு வேண்டுகோள்: அந்தப் பதிவு எவரிடம் இருக்கும், எவர் அதைத் திறந்து பார்க்கலாம், ஊரார் கேட்டால் அழிக்கப்படுமா என்பதை முதலில் எழுதிக் கொடுத்து, ஊரார் ஒப்புக்கொண்ட பின்னர் கைபேசியை வெளியே எடுங்கள்.