கேழ்வரகு இட்லி மாவுச்சத்து குறைந்த உணவன்று

அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகில் இட்லி வார்த்தால் மாவுச்சத்தே இராது, எத்தனை வேண்டுமானாலும் உண்ணலாம் என்று சிலர் கருதுவது சரியன்று. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறதென்றால், கேழ்வரகில் 67 முதல் 72 கிராம் வரை இருக்கிறது. நார்ச்சத்தும் கால்சியமும் அதில் மிகுதி என்பது உண்மையே ஆயினும், ஆறு இட்லி உண்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாக உதவாது. உண்மையிலேயே குறைக்க விரும்புவோர், 100 கிராமுக்கு 5 கிராம் அளவே மாவுச்சத்து கொண்ட காலிஃபிளவரைத் துருவி, ஆவியில் சில நிமிடங்கள் மட்டும் வேகவைத்து, துணியில் கட்டி நீரை நன்றாகப் பிழிந்தபின் தயிரும் உப்பும் சேர்த்து, கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துத் தயிர்சாதம் போலச் செய்துகொள்ளலாம். சோற்றின் குழைவு அதில் வராது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.