பசளையை மேலே யார் சுமப்பது?

டிட்வா புயலுக்குப் பிறகு, இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலரிடம் ஒரே பேச்சைக் கேட்கிறேன். இயற்கையைக் காப்பாற்ற இனி நேரமில்லை. தேர்தல், குழு, அறிக்கை என்று இழுத்துக்கொண்டிருந்தால் மலையே மிஞ்சாது. உறுதியான ஒருவர் வந்து ஒரே உத்தரவில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவர்களுடைய பயம் எனக்கும் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் மண்ணுக்குள் போனவர்களை நினைத்தால் மழை இரவுகளில் இன்னும் தூக்கம் வருவதில்லை. ஆனால் தம்பிமாரே, அந்த ஒரே உத்தரவை நாம் ஏற்கனவே அனுபவித்துவிட்டோம்.

2021 மே மாதம் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் அரசு இரசாயன உர இறக்குமதியை வர்த்தமானி அறிவித்தலால் தடைசெய்தது. 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் இருந்தது பத்து ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு, அதாவது இரசாயனமில்லாத இயற்கை விவசாயத்துக்கு, மாறும் திட்டம். மக்கள் வாக்களித்தது அந்தப் பத்து ஆண்டுகளுக்குத்தான்.

அப்போது என் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். தேயிலைச் செடியிலிருந்து சில நாட்களுக்கு ஒரு முறை இளந்தளிரைக் கிள்ளி எடுக்கிறோம். ஒவ்வொரு கூடையோடும் மண்ணின் நைதரசன் கொஞ்சம் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறது. அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் செடி தளிர்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். சில மாதங்களிலேயே அம்மாவின் மலையில் அது தெரிந்தது. இலை சிறுத்து, முற்றி, கிள்ளினால் ஒடியாமல் நார் போல இழுபட்டது. களைகொல்லியும் கிடைக்காததால் புல் இடுப்பளவு வளர்ந்தது; அதற்குள் அட்டையும் பாம்பும். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, போனவர் மாலையில் கூடையை நிறுக்கும்போது 18 கிலோ தேறாது. அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். நாட்சம்பளம் 1,000 ரூபா என்று அறிவித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நிறை குறைந்ததற்கு உரமில்லாததே காரணம் என்று தராசுக்கு யார் சொல்வது?

சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், பற்றிய பேச்சு வந்தபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அத்தனை மூட்டையையும் மேலே யார் சுமப்பது?" இரசாயன உரம் ஒரு மூட்டை கொடுக்கும் நைதரசனுக்குக் கூட்டெரு பல மடங்கு வேண்டும். செங்குத்துச் சரிவில் அது ஒரு மனிதரின் தலையில்தான் ஏறும். கொழும்பில் கூடிய எந்தக் கூட்டத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்க எங்களில் ஒருவர் இருந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். உரத்தட்டுப்பாடும் எரிபொருள் நெருக்கடியும் சேர்ந்து, 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு 25 கோடி கிலோவுக்கு இறங்கியது.

நான் இரசாயனத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. அப்பா கையுறைகூட இல்லாமல் முதுகில் மருந்துக் கேனைச் சுமந்து தெளித்தவர். அந்த மலையில் ஊறும் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம். மாற்றம் வேண்டும், விரைவாகவே வேண்டும். அந்தத் தடையால் நடந்த பெரிய கேடு, "சேதனம்" என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான்.

ஜனநாயகம் மெதுவானது என்பவர்கள் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தின் மண்சரிவை நினைவூட்டுவார்கள். 2005இலும் 2011இலும் அது ஆபத்தான இடம் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மண் மூடியது. அந்தத் தாமதத்தை ஜனநாயகத்தின் கணக்கில் எழுத நான் சம்மதிக்க மாட்டேன். எச்சரிக்கப்பட்டவர்களிடம் குடிபெயரக் காணித்துண்டு இல்லை. குடியிருந்த லயமும் அவர்கள் பெயரில் இல்லை. 1948இல் எங்கள் மலையக மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட குடியுரிமையை, நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கும் கொடுக்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், அதாவது கிராமப்புற உள்ளூராட்சிச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை செலவு செய்யத் தடையாக 2018 வரை நின்றது. அதுவரை, நாங்கள் வாக்குப் போட்ட சபையால் எங்கள் லயத்துக்குத் தண்ணீர் வடிய ஒரு கான் வெட்ட முடியவில்லை. இதற்குப் பெயர் ஜனநாயகமா?

ஆகவே நான் கேட்பது இதுதான். எந்தச் சரிவில் தேயிலையை விட்டு மரம் நடுவது, எந்த லயத்தை முதலில் மாற்றுவது, எந்த மலையில் கூட்டெருவைத் தொடங்கிப் பார்ப்பது என்பதையெல்லாம் அந்தத் தோட்டத்து ஆட்களை, குறிப்பாகக் கொழுந்து பறிக்கும் பெண்களை, உட்காரவைத்துத் தீர்மானியுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். அந்தத் தடையில் போனது போல ஏழு மாதம் வீணாகாது.

எங்கள் லயத்துக்குப் பின்னால் நிலத்தில் ஒரு வெடிப்பு ஓடுகிறது. என் தம்பி அதன் இரு பக்கமும் முளைக்குச்சி அடித்து, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் இடைவெளியைக் கயிற்றால் அளந்து, தன் மகளின் பழைய அப்பியாசக் கொப்பியில் திகதியோடு எழுதிவைக்கிறான். மூன்று பக்கம் நிரம்பிவிட்டது. அடுத்த பிரதேச சபைக் கூட்டத்தில் அந்தக் கொப்பியை வாசிக்க வேண்டும் என்று எங்கள் உறுப்பினரிடம் கேட்டிருக்கிறோம்.