இருட்டில் உட்கார்ந்தவர்களும் நிகழ்த்தியவர்கள்தான்

2000 பிப்ரவரி 27. போலந்தின் தலைநகர் வார்சாவில் ப்ரூட்னோ என்றொரு குடியிருப்புப் பகுதி. தொழிற்சாலையில் வார்த்த காங்கிரீட் பலகைகளைப் பொருத்தி எழுப்பிய, அடையாளம் பிரித்துச் சொல்ல முடியாத அடுக்குமாடிகள். அதில் ஒரு பிளாக்கில் குடியிருந்த சிற்பி பாவெல் அல்தாமெர், அங்கிருந்த சுமார் 200 குடும்பங்களிடம் பேசினார். குறித்த நேரத்தில் சில ஜன்னல்களில் மட்டும் விளக்கு எரிய வேண்டும், மற்றவை அணைந்திருக்க வேண்டும். அன்று இரவு கட்டடத்தின் முகப்பில் '2000' என்ற எண் பெரிதாக ஒளிர்ந்தது. படைப்பின் பெயர் 'ப்ரூட்னோ 2000'.

லைட் போட்டு அணைத்ததில் என்ன கலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அணைந்திருந்த ஜன்னல்கள்தான். யாராவது ஒருவர் மறந்துபோய்ச் சமையலறை விளக்கைப் போட்டாலும் எண் கலைந்துவிடும். ஆக, டிவியை அணைத்துவிட்டு இருட்டில் காத்திருந்த குடும்பத்துக்கும், விளக்கேற்றிய குடும்பத்துக்கும் சம பங்கு. அதிலும், வீட்டுக்குள் இருந்தவருக்கு எண் தெரியாது. கீழே இறங்கி வெளியே நின்றவருக்குத்தான் தெரியும். மாடியில் இருப்பவர் யாரென்றே தெரியாமல் வருடக்கணக்கில் வாழக்கூடிய ஒரு கட்டடத்தில், முன்பின் தெரியாதவர்களை நம்பி இத்தனை பேர் இதைச் செய்தார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு பரம்பரை இருக்கிறது. அல்தாமெரின் ஆசிரியர் க்ஷெகோஷ் கோவால்ஸ்கி. கோவால்ஸ்கியின் ஆசான் கட்டடக் கலைஞர் ஆஸ்கர் ஹான்சன். கட்டடக் கலைஞர் முடிந்த பொருளைக் கொடுக்கக் கூடாது, குடியிருப்பவர்கள் தாங்களே நிறைவு செய்துகொள்ள ஒரு சட்டகத்தைத்தான் தர வேண்டும் என்பது ஹான்சன் 1959-இல் முன்வைத்த 'திறந்த வடிவம்' கோட்பாடு. பிறகு அவரே மனைவி ஸோஃபியாவுடன் சேர்ந்து வார்சாவில் சுமார் 1.5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குடியிருப்பை வடிவமைத்தார். அக்கம்பக்கத்தார் கூடிப் பேசட்டும் என்று வீட்டு வாசல்களுக்கு முன்னால் நீண்ட திறந்த நடைபாதைகள் வைத்தார். குடியிருந்தவர்களோ தங்கள் ஜன்னலை ஒட்டி எந்நேரமும் ஆள் நடமாட்டம் என்று அலுத்துக்கொண்டார்கள். ஹான்சன் காங்கிரீட்டில் தேடியது, அவருடைய மாணவரின் மாணவர் கையில் வெறும் மின்விளக்குகளால், ஒரே இரவுக்குக் கைகூடியது என்றே நான் நினைக்கிறேன்.

சரி, கலை உலகில் பேர் வாங்கியது அல்தாமெர் மட்டும்தானே, அந்த 200 குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது? நியாயமான கேள்வி. ஆனால் அவர் வெளியிலிருந்து வந்து ஏழ்மையைப் படம் பிடித்துக்கொண்டு போனவர் அல்ல. அதே படிக்கட்டில் ஏறி இறங்கியவர். மறுநாள் லிஃப்டில் அவர்களுடைய முகத்தில் விழித்தாக வேண்டும். இந்த வகைக் கலைக்கு அந்தக் கட்டாயம் அவசியம் என்று உறுதியாக நம்புகிறேன்.

அவரும் அந்த மனிதர்களை விட்டுவிடவில்லை. பின்னாளில் 'பொதுக் காரியம்' என்ற பெயரில் அண்டை வீட்டாருக்குத் தங்க நிற உடை அணிவித்துப் பயணம் அழைத்துப் போனார். 2009 ஜூன் 4 அன்று, கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த போலந்தில் ஓரளவு சுதந்திரமான தேர்தல் நடந்து 20 ஆண்டு நிறைவில், தங்க நிற விமானத்தில் பிரஸ்ஸல்ஸ் போய், அணு அமைப்பின் வடிவில் பெரிய உருண்டைகளால் கட்டிய அட்டோமியத்தைப் பார்த்தார்கள். பார்க்க அழகுதான். ஆனாலும் எனக்கு அது கொஞ்சம் ஊர்வலமாகிவிட்டது. அதைவிட, அண்டை வீட்டார் சிலருடன் அவர் பிரேசிலின் தலைநகரான பிரேசிலியாவுக்குப் போனதுதான் முக்கியம். நவீனக் கட்டடக் கலையின் கனவு நகரத்தை, அந்தக் கனவின் மலிவுப் பதிப்பில் வாழ்ந்த மக்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். அதைப் பற்றி அவர்கள் பேசியதை யாராவது தமிழில் எழுத வேண்டும்.